ஜுராசிக் பார்க்கும் அப்பாவின் லெட்ஜரும்

எங்கள் வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எல்லோரும் சேர்ந்து படம் பார்க்கும்போது ரிமோட் என் கையில் இருக்கக்கூடாது. காரணம் ரொம்ப சிம்பிள். படத்தில் ஒரு கம்ப்யூட்டர் வந்துவிட்டால் போதும், நான் படத்தை நிறுத்திவிடுவேன். எழுந்து டிவி பக்கத்தில் போய், கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "இது விண்டோஸ் 98, டாஸ்க்பாரைப் பாரு" என்பேன். தங்கமணி அடுப்படிக்கு எழுந்து போய்விடுவார். மகள் மட்டும், "அப்பா, அவன் அங்க பாம் வெடிக்கப்போகுதுன்னு ஓடிட்டிருக்கான், நீ டாஸ்க்பார் பாக்கற" என்பாள்.

என்ன செய்ய? சிலர் படத்தில் வரும் கார்களைப் பார்ப்பார்கள், சிலர் புடவைகளைப் பார்ப்பார்கள். எனக்கு இது. படித்தது பி.காம், பிழைப்பு பேங்கில். பெங்களூரில் இருப்பதால் நானும் சாஃப்ட்வேர் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை ஐயா, நான் பிடுங்குவது வேறு ஆணி. ஆனாலும் இந்தக் கிறுக்கு சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. அது எங்கே ஆரம்பித்தது, போன மாதம் எங்கே வந்து நின்றது என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் கொசுவத்தி.

1986. எனக்கு 7 வயது. கும்பகோணத்தில் அப்பா என்னை 'விக்ரம்' படத்துக்கு அழைத்துப் போனார். கமல், அம்ஜத் கான், டிம்பிள் கபாடியா, வில்லனாக சத்யராஜ். அக்னிபுத்ரா என்ற ஏவுகணையைக் கடத்திவிடுவார்கள், மீட்க வேண்டும். கூடப் போகிற லிஸிக்கு அதில் கம்ப்யூட்டர் எஞ்சினியர் வேடம். தமிழ் சினிமாவில் ஒரு பெண் கம்ப்யூட்டர் எஞ்சினியராக வந்தது அன்றைக்குப் பெரிய புதுமை. கதை நம்ம வாத்தியார் சுஜாதா, குமுதத்தில் தொடராகவும் எழுதினார். இளையராஜா இசையில் அந்த டைட்டில் பாட்டில் ஏதோ மெஷின் பேசுவது போல ஒரு குரல் வருமே, அதைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே வருடம் வந்த 'புன்னகை மன்னன்' இசைக்கும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியதாக அப்போது பெரிதாகப் பேசினார்கள்.

எனக்கு ஒரே பரவசம். அப்பாவுக்கு இல்லை. இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, பாதி தனக்குத்தானே சொல்வது போல, "இந்தப் பொட்டிக்காடா நாங்க கொடி பிடிச்சோம்?" என்றார்.

அப்பா பேங்க் கிளார்க். லெட்ஜர் செக்‌ஷன். 1967-ல் சேர்ந்தவர், 1969-ல் 14 பேங்குகளை நாட்டுடைமையாக்கியபோது கிளையில் லட்டு கொடுத்த கதையை இன்றைக்கும் சொல்வார். அவர் கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். சேவிங்ஸ் லெட்ஜரில் அவர் போட்ட பக்கத்தை மேனேஜர் புதுப் பையன்களுக்குக் காட்டுவாராம். அரையாண்டுக் கணக்கு முடிப்பு என்றால் ஜூன் 30-ம் டிசம்பர் 31-ம் அப்பா வீட்டுக்கு வர நடுராத்திரி ஆகிவிடும். ஒவ்வொரு கணக்குக்கும் கையால் வட்டி போட வேண்டும். 10 பைசா டேலி ஆகவில்லை என்றால்கூட யாரும் எழுந்து போக முடியாது.

அந்தக் காலத்தில் பேங்க், எல்ஐசி சங்கங்களுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே எரிச்சல். 1960-களில் கல்கத்தாவில் எல்ஐசி ஊழியர்கள், வந்த கம்ப்யூட்டரை உள்ளே விடமாட்டோம் என்று ராப்பகலாகக் காவல் இருந்திருக்கிறார்கள். பேங்குகளில் 1983-ல்தான் நிர்வாகத்துக்கும் சங்கங்களுக்கும் இயந்திரமயமாக்கல் ஒப்பந்தம் வந்தது. அடுத்த வருடம் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை. (ஆமாம், பிறகு ரிசர்வ் வங்கி கவர்னர் ஆனாரே, அந்த சி. ரங்கராஜன்தான்.) அதன்பின் கிளைகளுக்கு ஏஎல்பிஎம் என்று ஒரு லெட்ஜர் மெஷின் வர ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் என்று சொன்னால் சண்டை வரும் என்பதால் பெயரிலேயே 'போஸ்டிங் மெஷின்' என்று அடக்கமாக வைத்துக்கொண்டார்கள் என்று அப்பா கிண்டல் செய்வார்.

அப்பாவும் கொடி பிடித்தவர். அவர் பயம் நியாயமானது. ஒரு பெட்டி வந்து தன் கையெழுத்தை அழித்துவிடும் என்று நினைத்தார். ஆனால் அந்தப் பெட்டியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. முதன்முதலாகப் பார்த்தது சினிமாவில்தான்.

இதை நான் ரொம்ப வருடம் கழித்துதான் யோசித்தேன். நம்மில் பெரும்பாலானவர்கள் முதலில் பார்த்த கம்ப்யூட்டர் நிஜ கம்ப்யூட்டர் இல்லை. திரையில் மினுக்கிய கம்ப்யூட்டர்தான்.

*

சரி, திரையில் மினுக்கியது எது? இங்கேதான் என் கிறுக்குக்குத் தீனி.

ஹாலிவுட்டில் 1960-களின் டிவி தொடர்களைப் பாருங்கள். 'தி டைம் டனல்', 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' போன்றவை. சுவர் முழுக்க விளக்குகள் கண் சிமிட்டும். அதில் நிறைய ஆசாரி செய்த செட் அல்ல, நிஜக் கம்ப்யூட்டரின் உடம்பு. அமெரிக்க விமானப்படைக்காக ஐபிஎம் 1950-களில் கட்டிய ஏஎன்/எஃப்எஸ்க்யூ-7 என்ற ராட்சதன், ஒன்று சுமார் 250 டன் எடை. ரஷ்ய விமானம் வருகிறதா என்று பார்க்க வைத்திருந்தது. காயலான் கடைக்கு வந்த அதன் பேனல்களை சினிமாக்காரர்கள் வாங்கி, படத்துக்குப் படம் வாடகைக்கு விட்டார்கள். நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்து வாடகை சிம்மாசனம் மாதிரி. ஒரே சிம்மாசனத்தில் எத்தனை மாப்பிள்ளைகள்!

1983-ல் 'வார் கேம்ஸ்' வந்தது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் வீட்டிலிருந்தபடியே டெலிபோன் வழியாக ராணுவக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, விளையாட்டு என்று நினைத்து மூன்றாம் உலகப் போரை ஆரம்பித்துவிடப் பார்ப்பான். அவன் மேஜையில் இருப்பது இம்சாய் 8080 என்ற நிஜமான மெஷின். இந்தப் படத்தைப் பார்த்த அமெரிக்க ஜனாதிபதி ரீகன், "இப்படி நிஜமாகவே நடக்குமா?" என்று தளபதிகளைக் கேட்டார். விசாரித்துவிட்டு வந்து, நிலைமை நீங்கள் நினைப்பதைவிட மோசம் என்றார்கள். 1984-ல் அரசுக் கம்ப்யூட்டர்களின் பாதுகாப்பு பற்றி ஓர் உத்தரவே வந்தது. ஒரு சினிமாவால்! அன்றைக்கு ரீகன், எங்கள் அப்பா இரண்டு பேருமே கம்ப்யூட்டரைத் திரையில் பார்த்துத்தான் பயந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் :-)

1984-ல் 'தி டெர்மினேட்டர்'. அர்னால்டின் கண் வழியாகப் பார்க்கும்போது சிவப்புத் திரையில் வரிகள் ஓடுமே? நிறுத்திப் பார்த்தவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதில் ஓடுவது ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கான 6502 புரோகிராம். கூடவே கோபால் மொழி வரிகளும். வெண்ணெய் திருடிய கோபால் இல்லை, பேங்குகளில் வட்டி கணக்குப் போடுகிற கோபால். எதிர்காலத்திலிருந்து மனிதனைக் கொல்ல வந்த ரோபோவுக்குள் சம்பளப் பட்டியல் போடுகிற மொழி. என் பேங்க் நண்பர்களிடம் இதைச் சொன்னால் சிரித்து மாளாது.

அடுத்து என் ஆல் டைம் ஃபேவரைட், 1993-ன் 'ஜுராசிக் பார்க்'. டைனோசர் கதவை உடைக்கிறது, ஒரு சின்னப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இது யூனிக்ஸ் சிஸ்டம், எனக்குத் தெரியும் என்கிறாள். திரையில் கட்டடங்கள் மேல் பறப்பது போல ஃபைல்கள். தியேட்டரில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் எல்லாம், யூனிக்ஸ் எங்கேடா இப்படி இருக்கிறது, சுத்த ரீல் என்று சிரித்தார்கள். ஆனால் அது ரீல் இல்லை. சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியின் ஐரிக்ஸ் என்ற யூனிக்ஸில் எஃப்எஸ்என் என்று ஒரு நிஜப் புரோகிராம் இருந்தது. அப்படியேதான் இருக்கும். அதே அறையில் சிவப்பு விளக்குகள் மின்னும் கருப்பு அலமாரிகளும் திங்கிங் மெஷின்ஸ் கம்பெனியின் சிஎம்-5 என்ற சூப்பர் கம்ப்யூட்டர்தான்.

நிஜத்தைப் பொய் என்று நினைத்தோம். பொய்யை எத்தனை தடவை நிஜம் என்று நம்பியிருப்போம்? 1995-ல் வந்த 'தி நெட்' படத்தில் காட்டும் ஐபி அட்ரஸில் ஒரு பகுதி 255-ஐத் தாண்டிவிடும். அப்படி ஓர் அட்ரஸ் இருக்கவே முடியாது. 1996-ன் 'இண்டிபென்டன்ஸ் டே'யில் ஆப்பிள் பவர்புக் மடிக்கணினியிலிருந்து வேற்றுக்கிரகக் கப்பலுக்கு வைரஸ் ஏற்றுவார்கள். எங்கள் கிளையில் பக்கத்து டேபிள் பிரின்டரையே என் மெஷினில் இணைக்க முடியவில்லை! 2003-ன் 'மேட்ரிக்ஸ் ரீலோடட்' வந்தபோதுதான் வல்லுநர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். டிரினிடி உபயோகிப்பது என்மேப் என்ற நிஜமான கருவி, நுழைவதும் நிஜமாகவே இருந்த ஓர் ஓட்டை வழியாக.

ஏன் பெரும்பாலும் பொய்த் திரை காட்டுகிறார்கள்? ஒன்று, கம்பெனிகளின் அனுமதி. ஆப்பிள்காரர்கள் வில்லன் கையில் ஐபோன் கொடுக்க விடமாட்டார்கள் என்று இயக்குநர் ரையன் ஜான்சன் 2020-ல் போட்டு உடைத்தார். அதிலிருந்து நான் துப்பறியும் படங்களில் யார் கையில் ஐபோன் இல்லை என்று பார்த்தே கொலைகாரனை ஊகிக்கப் பார்க்கிறேன். இரண்டு, நிஜத் திரையில் இருக்கும் பொடி எழுத்து கடைசி வரிசை ரசிகனுக்குத் தெரியாது. மூன்றாவதுதான் சுவாரஸ்யம். சினிமாக் கேமரா வினாடிக்கு 24 படம் எடுக்கும். பழைய குண்டு மானிட்டர் வினாடிக்கு 50, 60, 70 தடவை திரையை மேலிருந்து கீழ் வரைந்துகொண்டே இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாது. படம்பிடித்தால் கருப்புப் பட்டை ஒன்று மேலும் கீழும் ஓடும். அதனால் 24-க்கு இசைகிற மாதிரி மானிட்டரை மாற்றுவார்கள், இல்லாவிட்டால் படத்தைப் பிறகு ஒட்டுவார்கள். தட்டையான எல்சிடி வந்தபிறகுதான் இந்தத் தலைவலி தீர்ந்தது. பழைய படத்தில் ஓரமாக ஒரு மானிட்டரில் பட்டை ஓடினால், அது ஆன் செய்து வைத்த நிஜ மானிட்டர் என்று அர்த்தம். நான் அதைப் பார்த்தால் கைதட்டுவேன். தங்கமணி அடுப்படியிலிருந்து, "என்ன, ஹீரோ ஜெயிச்சுட்டானா?" என்பார்.

*

நம்ம ஊருக்கு வருவோம். தமிழ் சினிமாவில் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசினால் பெங்களூரைப் பேசாமல் முடியாது. காரணம் வாத்தியார். குரோம்பேட்டை எம்ஐடியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த எஸ். ரங்கராஜன், ஜாலஹள்ளி பக்கம் இருக்கும் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே சுஜாதாவாக எழுதினார். மின்னணு ஓட்டு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு. 1982-ல் கேரளாவில் பரூர் தொகுதியில் அந்த இயந்திரத்தை முதன்முதலில் சோதித்தார்கள். பகலில் நிஜ மெஷின், ராத்திரி கற்பனை மெஷின். நம் படங்களில் கம்ப்யூட்டர் வந்த இடங்களில் பாதி இவர் பேனா வழியாக வந்தது. 'விக்ரம்' சொன்னேன். 'ரோஜா' (1992) நாயகன் சங்கேத மொழி உடைப்பவன், வசனம் சுஜாதா. 'என் இனிய இயந்திரா' விகடனில் தொடராகவும் தூர்தர்ஷனில் நாடகமாகவும் வந்தது. 'சிவாஜி' (2007), 'எந்திரன்' (2010) வரை அவர் வசனம். எந்திரன் வருவதற்குள் போய்விட்டார், 2008 பிப்ரவரி 27. பிஇஎல் சர்க்கிள் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். எண்பதுகளில் நம் படங்களில் கம்ப்யூட்டர் ஒரு மந்திரவாதி. கேட்டால் பதில் சொல்லும். 'ஜப்பானில் கல்யாணராமன்' (1985) எடுக்க, சுகுபாவில் நடந்த எக்ஸ்போ 85-க்கே போனார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அது தூது. 'காதலர் தினம்' (1999) வந்தபோது இன்டர்நெட் சென்டரில் காதல் பிறந்தது. எங்கள் ஊர் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி, பிளைவுட் தடுப்புக்குள் பையன்கள் யாஹூவில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் வரும் பெண் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் இன்னொரு பையன்தான்.

2000-ல் அது வேலை. 'அலைபாயுதே' மாதவன் நண்பர்களோடு சாஃப்ட்வேர் கம்பெனி வைப்பார். 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் வீட்டை இழந்து சென்னை வந்த தபு, சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து மேலே வருவார். அதற்கும் வசனம் வாத்தியார்தான். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் இந்த இரண்டு படங்களுக்குப் பிறகு ரயிலேறி பெங்களூருக்கோ, விமானமேறி அமெரிக்காவுக்கோ போனவர்கள். இல்லையென்று சொல்லுங்கள் பார்ப்போம்!

அப்புறம் அது பணம். 'சிவாஜி'யில் ஹீரோவின் கணக்கு வழக்கு எல்லாம் ஒரு லேப்டாப்பில். முதலாளி குரல் கேட்டால்தான் திறக்கும். தப்பான குரல்களைக் கேட்டு எல்லாம் அழிந்துபோகும். ஒரு பேங்க்காரனாக எனக்கு அந்தக் காட்சியில் பகீர் என்றது. அவ்வளவு பெரிய ஆள், ஒரு பேக்கப் எடுத்து வைக்கவில்லையே! எந்திரனில் சிட்டி தன் மெமரி ஒரு ஜெட்டாபைட் என்பான். 100 கோடி டெராபைட். எங்கள் பேங்கில் மெயில் பாக்ஸ் நிறைந்துவிட்டது என்று தினமும் எச்சரிக்கை வருகிறது, அது வேறு கதை.

கடைசியாக அது திருடன். 'இரும்புத்திரை' (2018). கடன் வாங்கிப் போட்ட பணம் கணக்கிலிருந்து மாயமாகும். அந்தப் படம் வந்தபின் கவுண்டருக்கு வந்து, "சார், என் பணம் பத்திரமா இருக்கா?" என்று கேட்டவர்கள் பலர்.

மந்திரவாதி, தூதன், வேலை, பணம், திருடன். 30 வருடத்தில் கம்ப்யூட்டரைப் பற்றி நாம் என்ன நினைத்தோம் என்பதற்கு இதைவிட நல்ல சரித்திரப் புத்தகம் கிடையாது.

*

நான் 2004-ல் பேங்கில் சேர்ந்தேன். முதல் நாள், கவுண்டரில் என் முன்னால் ஒரு குண்டு மானிட்டர். கருப்புத் திரை, பச்சை எழுத்து, லாகின் என்று கேட்டுக்கொண்டு ஒரு கோடு சிமிட்டுகிறது. இது என்ன சார் என்று சீனியரைக் கேட்டேன். "யூனிக்ஸ் டெர்மினல்பா" என்றார். எனக்கு டைனோசர் கதவை உடைக்கும் சத்தமே கேட்டது. இது யூனிக்ஸ் சிஸ்டம், எனக்குத் தெரியாது!

அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். அப்பா அதற்குள் ரிட்டயர் ஆகிவிட்டார். 2000-01-ல் அரசு பேங்குகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தார்களே, லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வெளியே போனார்கள், அதில் ஒருவர். யாரும் துரத்தவில்லை. தொண்ணூறுகளில் மெஷின் வந்தபோது ஒரு விரலால் தட்டித் தட்டிப் பழகியும் இருந்தார். ஆனால் லெட்ஜர் கிளார்க் என்ற ஒரு ஆள் இனி வேண்டாம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. "கொடி பிடிச்சது தப்பில்லடா. பொட்டி வர்றத யாரும் தடுக்க முடியாதுன்னு தெரியாமப் பிடிச்சோம், அவ்வளவுதான்" என்றார்.

பிறகு கோர் பேங்கிங் வந்தது. இன்ஃபோசிஸின் ஃபினக்கிள், டிசிஎஸ்ஸின் பேங்க்ஸ் என்று ஆளுக்கொன்று. கிளைக் கணக்கு போய் பேங்க் கணக்கு ஆனது. 2011-ல் எனக்கு பெங்களூர் மாற்றல். ஏடிஎம் ஒன்று மக்கர் செய்து ரீபூட் ஆகும்போது திரையில் விண்டோஸ் எக்ஸ்பி லோகோ வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கம்பீரமான பெட்டிக்குள் இருந்தது நம் வீட்டு டேபிள் மேல் இருந்த அதே எக்ஸ்பி. 2014-ல் மைக்ரோசாஃப்ட் அதற்கு ஆதரவை நிறுத்தியபோதும் பெரும்பாலான ஏடிஎம்களில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கி கெடு வைத்தது 2018-ல். சினிமாவில் மட்டும் வேஷம் போடுவதில்லை கம்ப்யூட்டர்.

*

இனி போன மாதம் நடந்தது.

அப்பாவுக்கு இப்போது 82. அம்மாவோடு கும்பகோணத்தில்தான் இருக்கிறார். பெங்களூர் வந்தால் மூன்றாம் நாளே, பேச ஆளில்லை என்று கிளம்பிவிடுவார். நான் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்போனில் பேத்தியோடு வீடியோவில் பேசுவார்.

ஒரு நாள் காலை அந்த போனில் வேறு ஒரு அழைப்பு. உங்கள் பேரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது, உங்கள் ஆதார் கள்ளப் பணக் கேஸில் மாட்டியிருக்கிறது, லைனிலேயே இருங்கள், வீடியோவுக்கு வாருங்கள் என்றார்களாம். வீடியோவில் ஒரு போலீஸ் ஸ்டேஷன். பின்னால் கொடி, சுவரில் சின்னம், வயர்லெஸ் சத்தம், யூனிஃபார்மில் ஒருவன். யாரிடமும் பேசக்கூடாது, கேமராவை விட்டு நகரக்கூடாது, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம் என்றானாம்.

அப்பா இரண்டு மணி நேரம் அந்த போன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வாழ்க்கையில் 10 பைசா தப்பு விடாத மனுஷன். அம்மா காபி கொண்டு வந்தபோது, கேமராவுக்குத் தெரியாமல் கையைக் காட்டி உள்ளே அனுப்பிவிட்டாராம். இதை எழுதும்போது எனக்கு இன்னும் கை நடுங்குகிறது.

பிறகு திரையில் ஒரு பக்கத்தைக் காட்டினானாம். மேலே ரிசர்வ் வங்கியின் பெயர், நடுவில் 'நிதி சரிபார்ப்பு' என்று ஒரு பட்டை, 10 சதவீதம், 20 சதவீதம் என்று பச்சையாக நிரம்பிக்கொண்டு வருகிறது. உங்கள் ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்து இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள், சரிபார்த்துவிட்டு அரை மணியில் திருப்பிவிடுவோம் என்றானாம்.

மக்களே, எங்கள் அப்பாவுக்கு விண்டோஸ் தெரியாது, யூனிக்ஸ் தெரியாது. அது நிஜத் திரையா சினிமாத் திரையா என்று கண்டுபிடிக்க என் மாதிரிக் கிறுக்கும் கிடையாது. ஆனால் 34 வருடம் லெட்ஜர் எழுதியவர். அவர் கேட்டாராம், "சார், தனியாளுக்கு ரிசர்வ் பேங்க்ல ஏது கணக்கு? எந்த ஹெட்ல வரவு வைப்பீங்க? வவுச்சர் யார் பாஸ் பண்ணுவாங்க?"

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லையாம். அப்புறம் கெட்ட வார்த்தை. அப்புறம் லைன் கட்.

இதை அப்பா எனக்கு இரண்டு நாள் கழித்துதான் சொன்னார். பணம் போகவில்லை. ஆனாலும் அவமானம் போலிருந்ததாம். "ரெண்டு மணி நேரம் நம்பிட்டேன்டா" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கிளையில் இதே கதையோடு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். திடீரென்று டெபாசிட்டை உடைக்க வருவார்கள், முகம் வெளிறியிருக்கும், போனைச் சட்டைப் பையில் ஆன் செய்தே வைத்திருப்பார்கள். என்ன சார் அவசரம் என்று கேட்டால், மகளுக்கு வீடு என்பார்கள். எழுதிக் கொடுத்த வசனம். சிலரை உட்கார வைத்துப் பேசி நிறுத்தியிருக்கிறோம். சிலர் பணத்தை அனுப்பிய பிறகுதான் எங்களுக்கே தெரியும். அவர்கள் படிக்காதவர்கள் இல்லை, ரிட்டயர்ட் எஞ்சினியர்கள், வாத்தியார்கள்.

ஏன் நம்புகிறார்கள்? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். 40 வருடமாக சினிமா நமக்கு ஒரு கம்ப்யூட்டரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. திருட்டு என்றால் பச்சை எழுத்து மழை போல ஓடும், கருப்பு பனியன் போட்ட பையன் 3 வினாடியில் பூட்டை உடைப்பான். அரசாங்கம் என்றால் பெரிய திரை, சின்னம், நிரம்பும் பட்டை. நிஜத்தில் திருடன் எந்தப் பூட்டையும் உடைப்பதில்லை. நம்மிடமே சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான், ஓடிபி என்ற பெயரில், விசாரணை என்ற பெயரில். நிஜ பேங்க் திரையோ பார்க்கச் சகிக்காது. சாம்பல் நிறம், பொடி எழுத்து, நாலு மெனுவுக்குள் நாலு மெனு. அழகான திரையைக் கண்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொல்ல வேண்டிய அளவுக்குப் போனது. எந்தப் போலீஸும் வீடியோவில் கைது செய்யாது. எந்த ரிசர்வ் வங்கியும் சரிபார்க்கப் பணம் கேட்காது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சொன்னால் நடுவில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். இதைப் படிக்கிற நீங்கள் எல்லோரும் என்னைப் போல ஊரைவிட்டு வந்தவர்கள். ஊரில் அப்பா அம்மா தனியாக ஒரு ஸ்மார்ட்போனோடு இருக்கிறார்கள். அதை வாங்கிக் கொடுத்தது நாம்தான். இன்று ராத்திரியே போன் செய்யுங்கள். 'யார் மிரட்டினாலும் லைனைக் கட் பண்ணிட்டு முதல்ல எனக்குப் பேசுங்க, நான் திட்ட மாட்டேன்' என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். எங்கள் அப்பா இரண்டு நாள் சொல்லாமல் இருந்தது அதற்காகத்தான்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு, அப்பா, மகள், நான் மூன்று பேரும் பழைய 'விக்ரம்' பார்த்தோம். (2022-ல் வந்த புது விக்ரமை மகள் ஏற்கெனவே நாலு தடவை பார்த்துவிட்டாள்.) கம்ப்யூட்டர் வந்தது. ரிமோட் அப்பா கையில் இருந்தது. படத்தை நிறுத்தினார். பேத்தியைப் பார்த்து, "இது நிஜமா, டூப்பான்னு சொல்லு பாப்போம்" என்றார்.

தங்கமணி தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனார். மூன்று தலைமுறை ஆகிவிட்டது, இனி இந்த வியாதி தீராது.

டிஸ்கி: படங்களில் நீங்கள் நிறுத்திப் பார்த்த கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். டாஸ்க்பார் தெரிந்தால் கூடுதல் மகிழ்ச்சி.